மெட்டை எழுதி வைத்தவர்கள்

(எமது பாடசாலைப் பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுத் தொடக்க நிகழ்வில் ஆற்றப்பட்ட உரை)



ஒரு வைத்தியரை மேடையில் ஏற்றினால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அந்த அறிவுரைகளைச் சாப்பாட்டு வேளையில் தனித்தனியே சொல்லிக்கொள்ளலாம். இன்று நாங்கள் எடுத்துக்கொண்ட விடயம் வேறு. பாட்டை எப்படி எழுத்தில் பிடித்து வைத்தார்கள் என்ற கதையைச் சொல்லப் போகிறோம். அதன் முடிவில் நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோளும் உண்டு.

தொண்ணூறுகளில் இங்கே படித்த எங்களுக்குக் கினிகத்தேனை மழையைப் பற்றி எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் சங்கீத டீச்சரின் குரல் முதல் வாங்குக்குக்கூட எட்டாது. அப்போது டீச்சர் பாடுவதை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் சுரங்களை எழுதுவார். கீழ்த்தாயிச் சுரத்துக்குக் கீழே புள்ளி, மேல்தாயிச் சுரத்துக்கு மேலே புள்ளி, நீட்டவேண்டிய இடத்தில் காற்புள்ளி. மழை விட்டதும் நாங்கள் அதைப் பார்த்துப் பாடுவோம். பாடுபவரின் குரல் கேட்காத இடத்திலும் பாட்டு வந்து சேர்ந்தது. பாட்டை எழுதுவதன் பயன் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயனை மனிதர் அடைவதற்குப் பல நூற்றாண்டுகள் எடுத்தன.

மேல்நாட்டில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் குய்தோ என்ற இத்தாலியத் துறவியிடமிருந்து தொடங்குவார்கள். அவர் 990களில் பிறந்தவர் என்பர். பொம்போசா என்ற மடத்தில் இருந்தபோது சிறுவர்களுக்குத் தேவாலயப் பாடல்களைக் கற்பிக்கும் வேலை அவருக்கு. அந்நாளில் பாடலின் சொற்களுக்கு மேலே சிறு கோடுகளும் கொக்கிகளும் போடுவார்கள். குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவை காட்டும். எவ்வளவு ஏறவேண்டும், எவ்வளவு இறங்கவேண்டும் என்று காட்டமாட்டா. பாட்டை முன்பே அறிந்தவனுக்கு அது ஞாபகக் குறிப்பு. அறியாதவனுக்கு அதனால் பயனில்லை. ஆகவே சிறுவர்கள் ஒவ்வொரு பாட்டையும் ஆசிரியர் வாயிலிருந்தே கேட்டுக் கேட்டு மனனம் செய்தார்கள். ஒரு பாடகன் உருவாக 10 ஆண்டுகள் போதவில்லை என்றும், தமது முறையில் ஓராண்டில், மிஞ்சினால் இரண்டாண்டில் உருவாகிவிடுவான் என்றும் குய்தோவே எழுதியிருக்கிறார்.

அவர் செய்தது என்ன? கிடையாகக் கோடுகள் இட்டு, கோட்டிலும் கோட்டுக்கு இடைப்பட்ட வெளியிலும் ஒவ்வொரு சுரத்துக்கும் நிரந்தரமான ஓர் இடம் கொடுத்தார். எது எந்தக் கோடு என்று குழம்பாமல் இருக்க ஒன்றுக்குச் சிவப்பும் இன்னொன்றுக்கு மஞ்சளும் தீட்டினார். வைத்தியசாலைக்குப் போனவர்கள் ஈ.சி.ஜி. தாளைப் பார்த்திருப்பீர்கள். சின்னச் சின்னக் கட்டங்கள் போட்ட தாள். இடமிருந்து வலமாக ஓடுவது நேரம், மேலும் கீழுமாக ஏறி இறங்குவது இதயத்தின் மின்னழுத்தம். ஒரு சிறு கட்டம் 0.04 செக்கன். அந்தக் கட்டங்கள் இல்லாமல் வெறும் கோடு மட்டும் நெளிந்திருந்தால் எங்களால் அதை அளந்து படிக்க முடியாது. குய்தோ நெளிந்த கோட்டுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தவர். உயரம் சுரத்தைக் காட்டியது. ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் நீளவேண்டும் என்பதைச் செம்மையாகக் குறிக்கும் முறை அவருக்குப் பின்னர், 13ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது.

இன்னொன்றும் செய்தார். திருமுழுக்கு யோவானைப் போற்றும் ஒரு பழைய இலத்தீன் பாடலை எடுத்துக்கொண்டார். அதன் மெட்டில் முதல் ஆறு அடிகளும் ஒன்றைவிட ஒன்று ஒரு படி உயர்ந்த சுரத்தில் தொடங்கும். அந்த அடிகளின் முதல் அசைகளான உத், ரே, மி, ஃபா, சொல், லா என்பவற்றையே சுரங்களுக்குப் பெயராக்கினார். பிள்ளை அந்த ஒரு பாட்டை நன்றாகப் பாடமாக்கிக்கொண்டால் போதும். புதிய பாட்டில் ஒரு சுரம் வரும்போது, இது அந்தப் பாட்டின் எந்த அடியின் தொடக்கம் என்று நினைத்துப் பார்த்துத் தானே கண்டுபிடிக்கும். பிற்காலத்தில் உத் என்பது டோ ஆயிற்று; ஏழாவது சுரத்துக்கும் ஒரு பெயர் வந்து சேர்ந்தது. நாங்கள் சரளி வரிசையை முதலில் படித்து, அந்தப் படிக்கட்டில் நின்று மற்றவற்றைப் பாடியதும் ஏறக்குறைய இந்த வழிதான்.

இவ்வளவு நல்ல காரியம் செய்தவரை அவரது மடத்தில் கொண்டாடினார்களா? இல்லை. உடனிருந்த துறவிகள் பொறாமை கொண்டார்கள். குய்தோ பொம்போசாவை விட்டு அரெஸ்ஸோ நகரத்துக்குப் போனார். அங்கே தெயோதால்து என்ற ஆயர் அவருக்கு இடம் கொடுத்தார். அவரது கீர்த்தி பரவி, பாப்பரசர் 19ஆம் யோவான் அவரை ரோமாபுரிக்கு அழைத்தார். பாப்பரசர் அவர் எழுதிய பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி, தாம் அதுவரை கேட்டிராத ஓர் அடியைத் தாமே பார்த்துப் பாடினாராம். அங்கேயே இருக்கும்படி கேட்டும், ரோமாபுரியின் கோடையும் சதுப்பு நிலத்து ஈரமும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் குய்தோ திரும்பிவிட்டார்.

அந்தப் பொறாமையைப் பற்றி ஒரு சொல். பத்தாண்டு கேட்டுப் படித்தவருக்கு, ஓராண்டில் ஒரு சிறுவன் தாளைப் பார்த்துப் பாடுவது எப்படி இருந்திருக்கும்? அறிவை எழுதி வைப்பவர் தம்மை நம்பியே மாணவர் இருக்கவேண்டும் என்ற நிலையைத் தாமே கைவிடுகிறார். அது எல்லா ஆசிரியர்களாலும் முடிகிற காரியம் அல்ல. நம் பாடசாலையில் அப்படிப்பட்ட ஆசிரியர்கள் வாய்த்தார்கள். அதனால்தான் நாங்கள் இங்கே நிற்கிறோம்.

இனி நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் புதுக்கோட்டைக்கு அருகே குடுமியான்மலை என்று ஓர் ஊர் உண்டு. அங்கே சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய குன்றில் ஒரு குடைவரைக் கோயிலும், அதன் பக்கத்துப் பாறையில் ஒரு கல்வெட்டும் இருக்கின்றன. அரசன் நிலம் கொடுத்தான், விளக்குக்கு ஆடு கொடுத்தான் என்று சொல்லும் கல்வெட்டு அல்ல அது. பாறை முழுவதும் சுரங்கள். பல்லவ கிரந்த எழுத்தில், நான்கு நான்கு சுரங்களாகக் கட்டி, ஏழு பகுதிகளாகப் பிரித்து வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியும் அக்காலத்து ஓர் இராகத்துக்கு உரியது. பொதுவாக இதை 7ஆம் நூற்றாண்டு என்பர். அப்படியானால் குய்தோவுக்கு ஏறக்குறைய 400 ஆண்டுகள் முந்தியது.

இதை வெட்டுவித்தவர் யார்? உருத்திராசாரியார் என்ற ஆசிரியரின் மாணவரும் சிவபக்தருமான ஓர் அரசர் என்று கல்வெட்டே கூறுகிறது. அவர் மகேந்திரவர்ம பல்லவர்தான் என்று பலர் எழுதினார்கள். அதை ஏற்காத அறிஞரும் உளர். பெயரைவிட நமக்கு முக்கியமானது, எதற்காக வெட்டினார் என்பதற்கு அந்தக் கல் தரும் காரணம். மாணாக்கரின் நன்மைக்காக என்கிறது. குய்தோ மடத்துச் சிறுவர்களுக்காக எழுதினார். இவர் இசை பயிலும் பிள்ளைகளுக்காகப் பாறையையே கரும்பலகை ஆக்கினார்.

நம்மில் பலருடைய பூட்டன் பூட்டிமார் புதுக்கோட்டை, திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்திலிருந்து நடந்தும் கப்பலேறியும் இந்த மலைக்கு வந்தவர்கள். ஆகவே அந்தப் பாறையைப் பற்றிக் கேட்கும்போது நமக்கு ஒரு பெருமிதம் எழுவது இயல்பு. எங்களுக்கும் எழுந்தது. ஆனால் பெருமிதத்தோடு நின்றுவிட்டால் கதையின் முக்கியமான பாதி விடுபட்டுப் போகும்.

அந்தப் பாதி இதுதான். குடுமியான்மலைச் சுரங்களை இன்று எவராலும் ஐயமில்லாமல் பாட முடியாது. அதில் ச, சி, சு, செ என்றும், ர, ரி, ரு, ரெ என்றும் ஒரே சுரத்தின் எழுத்து மாறி மாறி வருகிறது. அந்த உயிரெழுத்து மாற்றம் சுரத்தின் நுட்பமான அளவைக் குறிக்கிறதா, வீணையில் மீட்டும் விதத்தைக் குறிக்கிறதா என்று அறிஞர்கள் விவாதித்தபடியே இருக்கிறார்கள். சில எழுத்துகளின் மேல் புள்ளிகள் உண்டு; அவற்றைப் பற்றியும் ஒருமித்த கருத்து இல்லை. கல் தேயவில்லை. அதைப் பார்த்துப் பாடக் கற்றுக்கொடுத்த ஆசிரிய மரபு எங்கோ அறுந்துவிட்டது. குய்தோவின் கோடுகள் பிழைத்ததற்குக் காரணம், மடங்களிலும் பள்ளிகளிலும் ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துப் பாடிக்கொண்டே வந்ததுதான்.

இதற்கு நேர்மாறான கதையும் நம்மிடம் உண்டு. தேவார ஏடுகள் தில்லையில் கிடைத்தபோது சொற்கள் கிடைத்தன, பண் கிடைக்கவில்லை என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அரசனும் நம்பியாண்டார் நம்பியும் பண்ணைத் தேடிப் போனது எங்கே தெரியுமா? திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடம். ஏட்டில் இல்லாத மெட்டு அந்தப் பெண்ணின் குரலில் இருந்தது. அவர் பாடிக்காட்ட, அதன்படி பண் வகுத்தார்கள். இந்தச் செய்தியைப் பெண்கள் நிறைந்த இந்த மண்டபத்தில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

நம் நாட்டிலும் இந்தத் தேடலில் ஆயுளைச் செலவிட்ட ஒரு துறவி இருந்தார். காரைதீவில் 1892இல் மயில்வாகனமாகப் பிறந்து, விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றி, 1924இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்ட சுவாமி விபுலாநந்தர். ஊர் ஊராகப் பாடசாலை நடத்தியவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். சிலப்பதிகாரத்தில் இசை பற்றி வரும் சில வரிகளை வைத்துக்கொண்டு, வழக்கொழிந்த யாழின் நரம்புகள் எப்படி இசைகூட்டப்பட்டன என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர். அந்த ஆராய்ச்சி 'யாழ்நூல்' என்று 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி சுவாமிகள் காலமானார். ஒரு யாழ் வாசிப்பவரும் ஒரு மாணவரும் இடையறாமல் இருந்திருந்தால் அந்தப் பேரறிஞர் அத்தனை ஆண்டுகள் கணக்குப் போடவேண்டி வந்திராது. ஒரு தலைமுறை பாடாமலும் எழுதாமலும் விட்டதைத் திருப்பி எடுக்க எவ்வளவு உழைப்பு வேண்டியிருக்கிறது பாருங்கள்.

கமகம் நிறைந்த நம் இசையை எழுத்தில் அடக்க முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. முழுமையாக அடக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யை வெளியிட்டபோது, கமகங்களுக்கென்றே தனித்தனிக் குறியீடுகள் அமைத்து முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை எழுதி வைத்தார். அந்தப் புத்தகம் இன்றும் பாடகர்களின் கையில் இருக்கிறது. வைத்தியசாலையில் நோயாளியின் கிளினிக் கொப்பியும் அப்படித்தான். அந்த மனிதரின் துன்பம் முழுவதும் அதில் இராது. ஆனால் இரவுக் கடமைக்கு வரும் வைத்தியர், பகலில் இருந்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு அது போதும்.

இப்போது எங்கள் வேண்டுகோளுக்கு வருகிறோம்.

நம் தோட்டங்களில் தாலாட்டு உண்டு, ஒப்பாரி உண்டு, கும்மி உண்டு, கொழுந்தெடுக்கும்போது ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குப் பாடிய பாட்டு உண்டு. மாசியில் காமன் கூத்து, அதற்கென்ற தப்பு அடி உண்டு. இவற்றின் சொற்களைச் சேகரித்த பெரியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். சி. வி. வேலுப்பிள்ளை அவர்களின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' அப்படி வந்த நூல். ஆனால் நாட்டார் பாடல் தொகுப்புகள் பெரும்பாலும் சொற்களையே தருகின்றன. தேவார ஏடு கிடைத்த நிலையில்தான் நாமும் நிற்கிறோம். சொல் அச்சில் இருக்கிறது. மெட்டு நம் அம்மாயிமாரின், அப்பாயிமாரின் தொண்டையில் இருக்கிறது.

அவர்கள் ஏன் எழுதவில்லை என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. எட்டு வயதில், பத்து வயதில் கூடை தூக்கியவர்கள் அவர்கள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அவர்களுக்குக் கிடைக்காத எழுத்தை, அவர்கள் பறித்த கொழுந்தின் காசில் நாம் பெற்றோம். அந்த எழுத்தைக்கொண்டு அவர்களுடைய பாட்டை எழுதுவது நமக்கு நேரான கடமை.

காலம் அதிகமில்லை. முதுமையில் ஞாபக மறதி நோய் வந்தவர்கள் பிள்ளைகளின் பெயரை மறந்த பிறகும் இளமையில் பாடிய பாட்டைப் பாடுவதைப் பல வேளைகளில் காண்கிறோம். பக்கவாதத்தில் பேச்சை இழந்த சிலர், பேசமுடியாத சொற்களைப் பாட்டாகப் பாடிவிடுவதும் உண்டு. இசை மூளையில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆனாலும் அந்த மூச்சு உள்ளவரைதான் பாட்டும்.

என்ன செய்யலாம்? நூற்றாண்டு ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு பழைய மாணவியும் ஒரேயொரு பாட்டைக் கொண்டுவரவேண்டும். முதலில் பாடுபவரிடம் அனுமதி கேளுங்கள். இது எதற்கு, யார் கேட்பார்கள் என்று விளக்குங்கள். வீட்டுக்குள் வைத்து ஒப்பாரி பாட மாட்டேன், அது ஆகாது என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். வெளியே மரத்தடியில் பாடுவதாக அவரே சொன்னால் அங்கே போய்க் கேளுங்கள். கைத்தொலைபேசியில் முழுவதையும் பதியுங்கள், நடுவில் அவர் சொல்லும் கதையையும் சேர்த்து. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எப்போது பாடுவது, யாரிடம் கேட்டது என்பவற்றை எழுதுங்கள்.

அடுத்தது சுரம். சங்கீதம் படித்தவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை எழுதியவர்கள், சங்கீத ஆசிரியைகளாக இருப்பவர்கள் இங்கேயே அமர்ந்திருக்கிறீர்கள். மற்றவர்கள் கொண்டுவரும் பதிவைக் கேட்டுச் சுரமும் தாளமும் எழுதித் தாருங்கள். எழுதியதும் அதைப் பார்த்து அந்த அம்மாயிக்கே பாடிக் காட்டவேண்டும். தொலைபேசியில் ஒருவர் மருந்தின் அளவைச் சொன்னால், கேட்டவர் அதைத் திருப்பி வாசித்துக் காட்டிச் சரிதானா என்று உறுதிசெய்வது எங்கள் தொழிலில் வழக்கம். இங்கேயும் அதுவே முறை. அந்தப் பாட்டுக்கு அவர்தான் ஆசிரியர்; திருத்துவது அவர் கையில் இருக்கட்டும்.

கடைசியாக, எழுதிய கொப்பியை அலுமாரியில் பூட்டி வைக்காமல் இந்தப் பிள்ளைகளிடம் கொடுக்கவேண்டும். குடுமியான்மலைப் பாறை நமக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. ஆண்டுக்கு நான்கு பாட்டு என்று வைத்தாலும், ஆறாம் தரத்தில் சேரும் பிள்ளை சாதாரண தரம் முடிப்பதற்குள் இருபத்துநான்கு பாட்டு பாடிவிடும். பரிசளிப்பு விழாவில் அவற்றில் ஒன்றைப் பிள்ளைகள் தாளைப் பார்த்துப் பாடட்டும். பாட்டைத் தந்தவர் முன்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும். அவருடைய பெயரும் தோட்டத்தின் பெயரும் நிகழ்ச்சி நிரலில் அச்சாகட்டும்.

தொரொண்டோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் இந்த மலரைப் படிக்கப்போகும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். உங்கள் அம்மா உங்களோடு அங்கே இருக்கலாம். பேரப்பிள்ளையைத் தூங்கவைக்க அவர் பாடும் தாலாட்டு இந்த மலையில் பிறந்தது. அதைப் பதிந்து அனுப்புங்கள். சங்கத்தின் செயலாளர் பெற்றுக்கொள்வார். சுரம் எழுதும் வேலையை இங்கே உள்ளவர்கள் பார்த்துக்கொள்வோம். முதல் கொப்பியை வாங்கிச் செயலாளர் அக்காவின் கையில் இன்றே கொடுத்திருக்கிறோம். அதில் முதல் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதை நிரப்பப்போகும் பாட்டு உங்களில் ஒருவருடைய வீட்டிலிருந்து வரவேண்டும்.